நம்பப்படாத சாட்சி: மெல்ல ஏறும் அச்சத்தின் இலக்கியம்

1. அச்சம் பிறக்கும் இடங்கள்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களை நான்காக வகுக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. தெய்வமும் பேயும் போன்ற மனிதருக்கு மிஞ்சியவை முதலில் வருகின்றன. அரசன் முதலான அதிகாரம் உடையோர் கடைசியில் வருகின்றனர். இவை நான்கும் ஒரே உருவில் கூடினால் எவ்வளவு பெரிய அச்சம் பிறக்கும் என்பதற்கு உலக இலக்கியத்தில் நல்ல எடுத்துக்காட்டு, பிராம் ஸ்டோக்கர் எழுதி 1897 மே மாதம் லண்டனில் வெளியான ‘டிராகுலா’ நாவல். அதன் தலைப்புப் பாத்திரமான டிராகுலா பிரபு, செத்தும் சாகாத ரத்தக் காட்டேரி, எனவே அணங்கு. ஓநாயாகவும் வௌவாலாகவும் உருமாறுவதால் விலங்கு. நள்ளிரவில் பிறர் வீட்டுக்குள் நுழைவதால் கள்வன். மலைக்கோட்டையில் அமர்ந்து சுற்றுப்புறத்தை ஆள்வதால் இறை.

நான்கு வாயில்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் வாசகர் ஒருமுறை திடுக்கிடுவார், அத்தோடு முடிந்துவிடும். ஸ்டோக்கர் அப்படிச் செய்யவில்லை. இருபத்தேழு அத்தியாயங்கள் கொண்ட நாவலில் பேயை மறைத்து வைத்து, அது வந்து போன தடங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். தடங்களைச் சேர்த்துப் பார்க்கும் வேலை வாசகருடையது. மெல்ல ஏறும் அச்சம் என்று இந்த உரை குறிப்பது இந்த முறையைத்தான்.

இந்த முறை மதுரை மண்ணுக்குப் புதியதன்று. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி நகரத்தின் இரவை யாமம் யாமமாகப் பிரித்துப் பாடுகிறது. கடைவீதியின் ஆரவாரம் அடங்கி, கதவுகள் சாத்தப்பட்டு, ஊர் உறங்கிய பிறகுதான் பேயும் அணங்கும் உருக்கொண்டு திரிகின்றன. அதே யாமத்தில் கள்வர் நடமாடுகின்றனர். அவர்களைத் தேடும் ஊர்க்காவலர் மழையையும் பொருட்படுத்தாமல் சுற்றி வருகின்றனர். பகலின் செழிப்பை முழுதும் சொன்ன பிறகே பாட்டு நள்ளிரவுக்குள் இறங்குகிறது. பழகிய வாழ்க்கையை முதலில் உறுதியாக நிறுத்திய பிறகே அதன் மேல் நிழலை விழச் செய்ய வேண்டும் என்ற கலை அறிவு அதில் இருக்கிறது.

2. டிராகுலாவின் கட்டமைப்பு

‘டிராகுலா’வில் கதைசொல்லி என்று ஒருவர் இல்லை. நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், செய்தித்தாள் துண்டுகள், கப்பலின் பதிவேடு, ஃபோனோகிராஃப் உருளையில் பதிந்த மருத்துவரின் குறிப்புகள் ஆகியவையே நாவல். ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு. மே 3 அன்று தொடங்கும் நிகழ்ச்சிகள் நவம்பர் 6 அன்று முடிகின்றன. எழுதுகிறவர் ஒவ்வொருவரும் தாம் கண்டதை மட்டுமே எழுதுகின்றனர். யாருக்கும் முழு உண்மை தெரியாது.

முதல் நான்கு அத்தியாயங்கள் ஜோனதன் ஹார்க்கர் என்ற இளம் வழக்குரைஞரின் நாட்குறிப்பு. லண்டனில் வீடு வாங்க விரும்பும் பிரபு ஒருவருக்குப் பத்திரங்களைக் கொண்டுபோக அவர் டிரான்சில்வேனியாவுக்குப் பயணம் செய்கிறார். தொடக்கப் பக்கங்களில் ரயில் நேரமும் சாப்பிட்ட உணவின் விவரமும்தான் இருக்கின்றன. பிறகு குறிகள் வருகின்றன. தங்கிய விடுதியின் வயதான அம்மாள் போக வேண்டாம் என்று மண்டியிட்டு அழுகிறாள். போய்த்தான் தீருவேன் என்றதும் தன் கழுத்துச் சிலுவையைக் கழற்றி அவர் கழுத்தில் போடுகிறாள். கோட்டையில் பிரபு உணவருந்துவதில்லை. முகம் மழிக்கும் கண்ணாடியில் அவர் உருவம் தெரிவதில்லை. ஒரு நிலவொளி இரவில் அவர் கோட்டைச் சுவரில் தலைகீழாக ஊர்ந்து இறங்குவதை ஹார்க்கர் பார்க்கிறார். தாம் விருந்தாளி இல்லை, கைதி என்பது அவருக்கு மெல்ல மெல்லத்தான் புரிகிறது.

ஐந்தாம் அத்தியாயத்தில் நாவல் திடீரென்று இங்கிலாந்துக்குத் தாவுகிறது. மீனா, லூசி என்ற இரு தோழியர் தங்கள் திருமணம் குறித்து எழுதும் மகிழ்ச்சியான கடிதங்கள் வருகின்றன. பிரபு ஏறத்தாழ மறைந்துவிடுகிறார். ஆனால் வாசகரின் அச்சம் இங்கேதான் இரட்டிப்பாகிறது. கோட்டையில் நடந்தது வாசகருக்குத் தெரியும், லூசிக்குத் தெரியாது. ஆளில்லாமல் வரும் கப்பல், சுக்கானோடு கட்டுண்டு செத்துக் கிடக்கும் தலைவன், கரைக்குப் பாய்ந்து ஓடும் பெரிய நாய், தூக்கத்தில் நடக்கும் லூசி, அவள் கழுத்தில் இரண்டு சிறு புள்ளிகள் எனச் செய்திகள் வந்து சேர்கின்றன. பாத்திரங்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கண்டு, தனித்தனியாக ஒரு சாதாரண விளக்கம் சொல்லிக்கொள்கின்றனர்.

3. மதுரையின் எல்லையில் தோன்றிய குறிகள்

வாசகர் அறிந்ததைப் பாத்திரம் அறியாதபோது பிறக்கும் இந்த நடுக்கத்தைத் தமிழில் மிக உயர்வாகக் கையாண்ட நூல் சிலப்பதிகாரம். அதன் மதுரைக் காண்டம் பேய்க்கதை அன்று. ஆயினும் அச்சம் ஏறும் முறையைக் கற்க அதைவிடச் சிறந்த பாடம் கிடையாது. உ.வே. சாமிநாதையர் அதை அச்சிட்டது 1892இல். ‘டிராகுலா’ வெளிவருவதற்கு ஐந்தாண்டுகள் முன்பு. ஆகவே அச்சுப் புத்தகமாக வாசிக்கும் தமிழருக்கு இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்து சேர்ந்தவை.

பிழைப்புத் தேடி மதுரைக்கு வரும் கோவலனும் அவன் மனைவி கண்ணகியும் சமணத் துறவியான கவுந்தியடிகளோடு வையையைக் கடக்கும் இடத்தில் ஆறு பூக்களால் மூடிக் கிடக்கிறது. கண்ணகிக்கு வரப்போகும் துன்பத்தை அறிந்தவள் போல வையை தன் கண்ணீரைப் பூவாடையால் மறைத்துக்கொண்டாள் என்கிறார் இளங்கோவடிகள். மதிலின் மேல் அசையும் கொடிகள் வராதே என்று கைகாட்டுவது போலத் தோன்றுகின்றன. கோவலன் தான் கண்ட தீக்கனவை மாடலன் என்ற மறையவனிடம் சொல்கிறான். அடைக்கலம் கொடுத்த ஆயர்குலப் பெண் மாதரியின் வீட்டில் கண்ணகி சோறு சமைத்துப் பரிமாறுகிறாள். காப்பியத்தில் அவர்கள் வாழ்ந்த மிக அமைதியான பொழுது அது. உண்டு முடித்துச் சிலம்பை விற்கப் புறப்படும் கோவலனை இமில் பெருத்த காளை ஒன்று எதிர்கொள்கிறது. அது தீய நிமித்தம் என்பது ஆயர்குலம் அறிந்த செய்தி. வணிகன் மகனான கோவலன் அதை அறியவில்லை. அவனுடைய குலம் அறியும் தன்மையது அன்று அது என்று காரணமும் காப்பியமே சொல்கிறது.

இந்தக் காரணம் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. குறி இருந்தது; அதைப் படிக்கும் அறிவு வேறொரு கூட்டத்தாரிடம் இருந்தது. ஹார்க்கருக்கும் இதே நிலைதான். விடுதி அம்மாள் கொடுத்த சிலுவையை, தம் திருச்சபையின் பழக்கப்படி, உருவ வழிபாட்டின் எச்சமாகவே அவர் எண்ணுகிறார். வேற்றுமொழி கலந்து பேசும் வயதான ஒருத்தியின் அழுகையைச் சாட்சியாக ஏற்கும் பழக்கம் அவருக்கு இல்லை. படித்தவர் கேட்க மறுக்கும் குரலில்தான் உண்மை இருக்கிறது என்பது மெல்ல ஏறும் அச்சக் கதைகளின் அடிப்படை விதி.

சிலம்பு திருடியதாகப் பழி சுமத்தப்பட்டுக் கோவலன் வெட்டுண்ட பிறகு காப்பியம் உடனே கண்ணகியிடம் செல்வதில்லை. ஆயர்பாடிக்குத் திரும்புகிறது. அங்கே குடத்துப் பால் உறையவில்லை. காளையின் கண்ணில் நீர் வழிகிறது. உறியில் வைத்த வெண்ணெய் உருகவில்லை. ஆட்டுக்குட்டி துள்ளவில்லை. மாட்டின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. ஏதோ ஒன்று வரப்போகிறது என்று மாதரி உணர்ந்து, தீமை நீங்கக் குரவைக் கூத்து ஆடலாம் என்கிறாள். பெண்கள் கைகோத்துப் பாடுகின்றனர். வரப்போவதாக அவர்கள் அஞ்சுவது முன்பே நடந்துவிட்டது என்று வாசகருக்குத் தெரியும். பாட்டு இனிமையாக இருக்க இருக்கத் துயரம் கனக்கிறது. லூசியின் கடிதங்களை ஸ்டோக்கர் வைத்த இடமும் குரவையை இளங்கோ வைத்த இடமும் ஒரே கலைத் தேவையிலிருந்து பிறந்தவை.

4. பழையனூர் மன்றமும் எடுத்துவிடப்பட்ட காவலும்

பேயே நேரடியாக வரும் தமிழ்க் கதைகளில் மெல்ல ஏறும் அச்சம் முழுமை பெற்றது பழையனூர் நீலியின் கதையில். திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நடந்ததாகச் சொல்லப்படும் இக்கதை தேவாரத்திலேயே சுட்டப்படும் அளவுக்குப் பழமையானது. சமணர் இதே நீலியை எடுத்துக்கொண்டு, துறவியால் நல்வழிப்பட்டுச் சமயவாதம் செய்யும் நாயகியாக்கி ‘நீலகேசி’ என்ற காப்பியம் செய்தனர்.

நாட்டார் வழங்கும் கதையின் சுருக்கம் இது. முற்பிறவியில் தன்னைக் கொன்றவன் இப்பிறவியில் வணிகனாகப் பிறந்திருக்கிறான். நீலி அவனைப் பின்தொடர்கிறாள். அவனிடம் மந்திரித்த கத்தி ஒன்று இருப்பதால் நெருங்க முடியவில்லை. கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கைவிடப்பட்ட மனைவியாகப் பழையனூர் வேளாளர் மன்றத்தில் முறையிடுகிறாள். இவள் பேய் என்று வணிகன் கதறுகிறான். குழந்தை அவனை அப்பா என்று அழைத்துத் தாவுகிறது. எழுபது வேளாளரும் கண்ணால் கண்ட சாட்சியை நம்புகின்றனர். கணவனும் மனைவியும் ஒரு வீட்டில் தங்கட்டும், அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் விடுகிறோம் என்று வாக்களிக்கின்றனர். கத்தியோடு இருப்பவனிடம் எப்படி உறங்குவேன் என்று அவள் கேட்க, கத்தியை வாங்கிவிடுகின்றனர். விடியும்போது வணிகன் செத்துக் கிடக்கிறான். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீப்பாய்கின்றனர்.

இக்கதையில் பேய் என்பது கேட்பவருக்கு முதலிலிருந்தே தெரியும். அச்சம் முழுவதும் மன்றத்தில் இருக்கிறது. உண்மை சொல்பவன் பொய்யனாகத் தோன்றுகிறான். பொய் சொல்பவளிடம் எல்லாச் சான்றும் இருக்கின்றன. தீர்ப்புச் சொல்பவர்கள் கெட்டவர்களா என்றால் இல்லை. ஆதரவற்ற பெண்ணுக்கு இரங்கும் நல்லவர்கள். அந்த நல்ல மனமே கத்தியை எடுத்துவிடுகிறது.

‘டிராகுலா’வின் நடுப்பகுதியில் இதற்கு நேர் இணையான காட்சி உண்டு. வான் ஹெல்சிங் என்ற முதிய பேராசிரியர் லூசியின் அறை முழுவதும் பூண்டுப் பூக்களை வைத்து, கழுத்திலும் மாலையாகச் சூட்டி, சன்னல்களை அடைத்துவிட்டுப் போகிறார். இரவில் மகளைப் பார்க்க வரும் தாய், அறையில் காற்றோட்டம் இல்லை, பூவின் நெடி மகளுக்கு ஆகாது என்று எண்ணி, பூக்களை அகற்றிச் சன்னலைத் திறந்துவிடுகிறாள். மறுநாள் காலை அதைப் பெருமையோடு சொல்லவும் செய்கிறாள். பழையனூரில் கத்தி, லூசியின் அறையில் பூண்டுப் பூ. இரண்டையும் எடுத்தது பகை அன்று, அன்பு. காவலை எதிரி உடைத்திருந்தால் அது சண்டைக் கதையாகியிருக்கும். அன்புள்ளவர் அறியாமையால் எடுத்துவிடுவதால்தான் அச்சக் கதை ஆகிறது.

லூசி படிப்படியாக வெளுக்கிறாள். ஆர்தர், சீவர்ட், வான் ஹெல்சிங், குவின்சி என நான்கு ஆண்கள் அவளுக்கு ரத்தம் கொடுக்கின்றனர். ஒவ்வொரு முறையும் அது மறைந்துபோகிறது. ரத்தப் பிரிவுகளை லேண்ட்ஸ்டெய்னர் கண்டறிந்தது 1900க்குப் பின்னரே என்பதால், பொருந்தாத ரத்தத்தின் ஆபத்தை நாவல் அறியாது. நோயின் காரணம் உடலில் இல்லை என்பதை அந்தத் தோல்விகள் வழியே காட்டுவதே ஆசிரியரின் நோக்கம். மதுரைச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் காய்ச்சல் இறங்காத குழந்தையை மருத்துவரிடமும் காட்டி, காத்துக் கருப்பு அண்டியிருக்குமோ என்று கோடாங்கியிடமும் காட்டும் குடும்பங்களுக்கு இந்த நிலை எளிதில் விளங்கும். வான் ஹெல்சிங் இரண்டு பேரின் வேலையையும் ஒருவராகச் செய்கிறார். பேய் இறங்கிய தலைமுடிக் கற்றையை மரத்தில் ஆணியடிக்கும் வழக்கம் அறிந்தவருக்கு, ரத்தக் காட்டேரியின் நெஞ்சில் மரமுளை அடிக்கும் சடங்கும் அந்நியமாகத் தோன்றாது.

5. சாத்திய கதவு: தற்காலத் தமிழ்க் கதைகள்

புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ 1943இல் வந்தது. எழுத்தாளர் ஒருவரின் வீட்டுக்குப் பிச்சைக்காரி ஒருத்தி வருகிறாள். வீட்டுக்காரி அவளை வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். நள்ளிரவில் காரணமில்லாத வாடை வருகிறது. ஓரிரவு மனைவி கூவி எழுகிறாள். அவள் குரல்வளையில் ஒரு துளி ரத்தம் இருக்கிறது. பெரும் நாவல் செய்ததைச் சில பக்கங்களில் இக்கதை செய்துவிடுகிறது. வந்தவள் யார் என்பதைக் கடைசிவரை உறுதியாகச் சொல்வதில்லை. இயற்கையான விளக்கமா, இயற்கை மீறிய விளக்கமா என்று வாசகர் தயங்கும் நேரமே இவ்வகை இலக்கியத்தின் உயிர் என்று விமர்சகர் த்ஸ்வெதான் தோதரோவ் 1970இல் எழுதினார். ‘காஞ்சனை’ அந்தத் தயக்கத்திலேயே முடிகிறது.

மதுரையில் வாழ்ந்து 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் அதே தயக்கத்தை வாரத் தொடர்கதைக்குக் கொண்டுவந்தார். அவருடைய கதைகளைக் கொண்டு நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வந்தது. அதில் ‘விடாது கருப்பு’ தமிழ்நாட்டு வீடுகளில் ஆழமாகப் பதிந்தது. தவறு செய்தவரைக் கருப்பசாமியே வந்து தண்டிக்கிறார் என்று ஊர் நம்புகிறது; நகரத்திலிருந்து வந்தவர்கள் காரணம் தேடுகின்றனர். மனநல அறிவியலும் குலதெய்வ நம்பிக்கையும் கதை முழுவதும் இணையாக ஓடுகின்றன. தொடர் வடிவம் இதற்கு உதவியது. ஒரு வாரத்துக்கும் மறுவாரத்துக்கும் இடையில் வாசகரும் பார்வையாளரும் குறிகளை வைத்துப் பேசிப் பேசி அச்சத்தைத் தாமே வளர்த்துக்கொண்டனர்.

அக்கதையின் வேர் மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் உள்ள அழகர்கோவிலில் காணக் கிடைக்கிறது. அங்கே பதினெட்டாம்படிக் கருப்பருக்கு வெளியே தெரியும் உருவம் இல்லை. சந்தனம் பூசிச் சாத்திய பெருங்கதவே சன்னிதி. கொடுக்கல் வாங்கல் வழக்குகளில் பொய் சொல்பவர் அந்தக் கதவின் முன் சத்தியம் செய்யத் துணிவதில்லை. அழகரின் ஆற்றலைக் கவர வந்த மந்திரவாதிகள் பதினெட்டுப் பேர் அப்படிகளின் கீழ் புதைக்கப்பட்டனர் என்பது வழங்கும் கதை. உருவத்தைக் காட்டாமல் கதவை மட்டும் காட்டுவதால் ஆற்றல் பெருகும் என்பதை ஊர் மக்களின் வழிபாடு எழுத்தாளர்களுக்கு முன்பே அறிந்திருக்கிறது.

6. ஓர் ஊர் சாவது

மெல்ல ஏறும் ரத்தக் காட்டேரி நாவலைத் தனிமனிதரிடமிருந்து ஊருக்கு விரித்தவர் ஸ்டீபன் கிங். அவருடைய இரண்டாம் நாவலான ‘சேலம்ஸ் லாட்’ 1975இல் வந்தது. டிராகுலா இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவுக்கு வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியே அதன் விதை. மெய்ன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பால் கறப்பவர் எழும் விடியற்காலை முதல் மதுக்கடை மூடும் இரவு வரை ஊராரின் பொழுது மணிவாரியாகச் சொல்லப்படுகிறது. ஒரு சிறுவன் காணாமல் போகிறான். அவன் அண்ணன் சோகை பிடித்துச் சாகிறான். பிறகு ஒவ்வொரு வீடாகப் பகலில் அடைத்துக் கிடக்கிறது. ஊராரிடம் ஏற்கெனவே புறம்பேச்சும் வன்முறையும் மறைத்த குற்றங்களும் இருந்தன. அண்டை வீட்டுக் கதவு திறக்காததை யாரும் கவலையோடு பார்க்கவில்லை. பழையனூரில் ஊர் முழுவதும் ஒரே சொல்லுக்குக் கட்டுப்பட்டு அழிந்தது. இங்கே ஊராரைக் கட்டும் சொல் ஒன்றும் இல்லாததால் ஊர் அழிகிறது.

7. சாட்சிகள் சேரும் இடம்

இவ்வளவு கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் அவற்றின் பொதுக்கரு தெளிவாகிறது. குறிப்பாகப் பழையனூர்க் கதை, சிலப்பதிகாரம், ‘டிராகுலா’ மூன்றும் சாட்சியைப் பற்றியவை. அவற்றின் முடிவை வேறுபடுத்துவது சாட்சி எப்போது, எப்படி ஏற்கப்படுகிறது என்பதே. பழையனூரில் பொய்ச் சாட்சி உடனே நம்பப்படுகிறது, ஊர் அழிகிறது. மதுரையில் மெய்ச் சாட்சி மிகப் பிந்தி வருகிறது. கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது கோவலன் இறந்திருந்தான், பாண்டியனும் அரியணையிலேயே உயிர் விடுகிறான். ‘டிராகுலா’வில் லூசியைப் பொறுத்தவரை சாட்சி பிந்திவிட்டது; மீனாவைப் பொறுத்தவரை பிந்தவில்லை. காரணம், பதினேழாம் அத்தியாயத்தில் மீனா எடுத்த முடிவு. எல்லோருடைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் வாங்கி, தட்டச்சு செய்து, தேதி வரிசையில் அடுக்குகிறாள். தனித்தனியே பைத்தியக்காரத்தனமாகத் தோன்றிய செய்திகள் வரிசையில் வைத்ததும் ஒரே உண்மையாகின்றன. வாசகர் கையில் இருக்கும் நாவலே அவள் அடுக்கிய அந்தத் தொகுப்புதான். சிலுவையும் கத்தியும் பிறகு வருகின்றன. முதல் வெற்றி அந்த அடுக்கலில் கிடைக்கிறது.

எனவே இவ்வகை நாவலை வாசிக்கும் முறையும் இதிலிருந்தே பெறப்படுகிறது. முதலாவது, தொடக்கத்தின் சாதாரண விவரங்களைத் தாண்டிச் செல்லக் கூடாது. ரயில் நேரமும் சமையலும் பால் உறைதலும் பின்னால் மாறப்போகும் அளவுகோல்கள். இரண்டாவது, தேதிகளையும் யார் எழுதுகிறார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒருவர் அறிந்தது மற்றவருக்கு எட்டாத இடைவெளியில்தான் ஆபத்து நுழைகிறது. மூன்றாவது, எச்சரிப்பவர் யார், அவர் சொல் ஏன் ஏற்கப்படவில்லை என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். விடுதி அம்மாள், மாதரி, கதறும் வணிகன் ஆகியோரிடம் உண்மை இருந்தும், அதைக் கேட்கவைக்கும் இடம் அவர்களுக்கு இல்லை. நான்காவது, ஒரே அமர்வில் முடிக்காமல் பகுதி பகுதியாக வாசிப்பது நல்லது. வார இதழ்த் தொடர்களை வாசித்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இது இயல்பாகவே கைவரும்.

அச்சத்தைத் தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளில் ஒன்றாக வைத்தது. நகைக்கும் அழுகைக்கும் உள்ள மதிப்பு அதற்கும் உண்டு. மெல்ல ஏறும் அச்சக் கதையை மலிவான பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது அந்த மரபுக்குப் பொருந்தாது. நல்ல பேய்க்கதை வாசகருக்குக் குறிகளைக் கவனிக்கவும், எளியவர் சொல்லுக்குச் செவிகொடுக்கவும், நல்லெண்ணத்தோடு செய்யும் செயலையும் ஒருமுறை சோதித்துப் பார்க்கவும் கற்றுத்தருகிறது. கோவலன் காலத்து மதுரைக்கு இம்மூன்றும் தேவைப்பட்டன. இன்றைய ஊர்களுக்கும் தேவைப்படுகின்றன.